ஊதாப்பூ மரத்து வளைவு

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஈப்போ அமான்ஜெயா நிலையத்திலிருந்து பேருந்து புறப்பட்டது. தானா ராத்தாவுக்குக் கட்டணம் இருபத்தைந்து மலேசிய வெள்ளி. தூரம் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். என் மடியில் என் மனைவி கொடுத்தனுப்பிய ஆட்டுக்கால் சூப், பெரிய பிளாஸ்கில். சுற்றுலா போகிறவன் இதை எடுத்துப்போக மாட்டான். நான் மகளைப் பார்க்கப் போனேன். முடிந்தால் அழைத்துக்கொண்டு திரும்புவதாக இருந்தேன்.

யாழினிக்கு இருபத்தாறு வயது. விவசாயம் படித்துவிட்டு, தானா ராத்தாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். அங்குள்ளவர்கள் அவளைச் 'சின்ன கிராணி' என்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு வளைவில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிந்தது. எங்களுக்குச் சொன்னது ஒரு வாரம் கழித்துத்தான். "நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள். அந்த ஒரு வாரமும் நான் சாப்பிட்டு, அலுவலகம் போய், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிம்பாங் பூலாயைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. கம்போங் ராஜா, பிறகு கோலா தெர்லா. அங்கே முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் பாதி சாலையை அடைத்து நின்றன. கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் கடைகளுக்கு முன் கார்கள் நகரவே இல்லை. பதினோரு மணிக்கு மேல்தான் தானா ராத்தாவில் இறங்கினேன்.

இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஜக்கராண்டா மரம்தான். புகைப்படங்களில் பார்த்திருக்கிறேன், நேரில் அது வேறு. இலை அநேகமாக உதிர்ந்துபோன கிளைகளில் பூ மட்டும், சிறிய மணிகளைப் போல, கொத்துக் கொத்தாக. ஊதா என்று சொல்லலாம். மேகம் மூடும்போது நீலம் என்றும் சொல்லத் தோன்றும். மரத்தடியில் ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது.

எதிரே இருந்த தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்தேன். கடைக்காரர் என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"பூ பாக்க வந்தீங்களா சார்?"

"இல்ல பாய், மகள பாக்க வந்தேன்."

"அது நல்லது. பூ பாக்க வர்றவன் எல்லாம் அண்ணாந்துகிட்டே வந்து என் மேசைல முட்டிக்கிறான். நேத்து ஒருத்தர் ரொட்டிச் சானாய் தட்டோட கவுந்துட்டார் லா!"

அவர் சிரித்தார். நான் சாலையைப் பார்த்தேன். உதிர்ந்த பூக்களின்மேல் கார் டயர்கள் ஏறி, அவை பழுப்பு நிறத்தில் கூழாகிக் கிடந்தன. என் மகள் விழுந்ததும் இப்படிப்பட்ட பூவில்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதன்பிறகு எனக்கு மேலே பார்க்கப் பிடிக்கவில்லை.

வாடகைக் காருக்கு முப்பத்தைந்து வெள்ளி. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருபது நிமிடம் இறங்கினோம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சற்று முன்னால், மாரியம்மன் கோயிலை ஒட்டி, சாலை முழங்கை போல் மடிகிறது. அந்த மடிப்பில் நின்றது நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய ஜக்கராண்டா. கிளைகள் சாலையைத் தாண்டி மறுபக்கத் தேயிலை வரை நீண்டிருந்தன. கீழே தார் தெரியவில்லை. சாலை முழுக்க ஊதா விரிப்பு. யாழினி விழுந்தது இங்கேதான் என்று புரிந்தது.

"ஊதாப்பூ மரத்து வளைவுன்னு பேரு" என்றார் ஓட்டுநர். "ஞாயித்துக்கெழம திருவிழா. ரதம் இந்தப் பூ மேலதான் போவும். அதுவரைக்கும் யாரும் கூட்ட மாட்டாங்க."

"கூட்டாமலா விடுவாங்க? வழுக்காதா?"

"வழுக்கும்தான். மெதுவா போவோம் சார்" என்றவர் உண்மையிலேயே மெதுவாகத்தான் போனார்.

யாழினி கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். சூப்பைக் குடித்துவிட்டு, மாத்திரை போட்ட மயக்கத்தில் தூங்கிப்போனாள். நான் அவள் மூச்சை எண்ணாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

மாலை நாலு மணிக்குக் கோயில் தலைவர் முருகையா என்னைத் தேநீருக்கு அழைத்தார். தோட்டத்து லோரி ஓட்டுநர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் வீட்டில் இன்னும் நான்கைந்து பேர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். முறுக்கு, மைலோ, ஈப்போ வெயில், மலையில் இப்போதெல்லாம் குளிரே இல்லாதது என்று பேச்சு போனது. பிறகு முருகையா கேட்டார்:

"சார், சாமி கெளம்பப்போவுது. ஒங்களுக்கு ஏதும் மனக்கொற இருக்கா? இருந்தா சொல்லிடுங்க."

உபசாரத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். எத்தனையோ வீடுகளில் அப்படித்தானே கேட்கிறார்கள்? நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்பவன். எங்கே என்ன உடையும், யார் விழுவார்கள் என்று யோசிப்பதே என் பிழைப்பு. மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அந்த மரந்தான். அது அங்க இருக்கிறவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. அன்னைக்கு என் மக விழுந்தா. நாளைக்கு ரதம் தள்ளுறவங்க விழுந்தா யார் பொறுப்பு?"

முருகையாவின் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "சரி சார், நாங்க பேசிக்கிறோம்" என்றார் முருகையா. எங்கள் ஊர் நகராண்மைக் கழகத்திலும் இதைத்தான் சொல்வார்கள். நான் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை யாழினியைத் தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். எலும்பு சரியாகச் சேர்ந்துவருகிறது என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு ஊரே அழகாகத் தெரிந்தது. வழியில் வேறு இரண்டு ஜக்கராண்டாக்களை நின்று பார்த்தேன். யாழினியின் தலையில் ஒரு பூ விழுந்தது. எடுத்துவிடாமல் அப்படியே காரில் ஏறினாள்.

மதியம் திரும்பும்போது, வளைவுக்கு முன்பே ரம்பத்தின் இரைச்சல் கேட்டது.

அடிமரமும் மொட்டையான இரண்டு கவைகளும் நின்றன. மற்றதெல்லாம் கீழே கிடந்தது. பூவோடு வெட்டிய கிளைகளை இளைஞர்கள் முருகையாவின் லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சாலையைக் கூட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முருகையா ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார்.

"முடிஞ்சிருச்சு சார். தோட்டத்துத் தொரைகிட்ட போன்ல கேட்டுட்டோம். இன்னைக்கு நீங்க நல்லா தூங்கலாம்."

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். வியர்வைதான் இருந்தது.

யாழினி இறங்கவில்லை. என்னிடம் மெல்லக் கேட்டாள்: "அப்பா, மனக்கொற இருக்கான்னு ஒங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சும்மா கேக்கிறாங்கன்னு..."

"சும்மா கேக்க மாட்டாங்கப்பா. வருஷா வருஷம் வீடு வீடா போயி கேப்பாங்க. யாருக்காச்சும் கொற இருந்தா, அது தீராம இங்க ரதம் நவராது. போன வருஷம் தண்ணிக் குழாய்ச் சண்டைக்காகச் சாமி மதியம் வரைக்கும் வெயில்ல நின்னுச்சு."

வீட்டுக்குப் போனபிறகு இன்னொன்றும் சொன்னாள். மோட்டார் சைக்கிளின் பின் டயர் தேய்ந்து வழவழவென்று இருந்ததாம். மாற்றச் சொல்லி மெக்கானிக் சொல்லியும் மாற்றாமல் ஓட்டினாளாம். "பூவுல எல்லாரும்தான் ஓட்டுறாங்க. நான் மட்டும்தான் விழுந்தேன்." ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "மோட்டார விக்கச் சொல்லுவீங்க" என்றாள். சொல்லியிருப்பேன்.

முருகையாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுந்தேன். யாழினி உட்காரச் சொன்னாள். "இப்ப போயி வருத்தமா இருக்குன்னு சொன்னா, அது இன்னொரு மனக்கொற. அதுக்கும் ஏதாவது செய்யணும்னு நிப்பாங்க. விடுங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரதம் கோயில் வாசலில் தயாராக நின்றது. ஊதாப் பூ இல்லாத குறையைச் சரிக்கட்ட கடையில் வாங்கிய செவ்வந்தி மாலைகளை நிறையவே போட்டிருந்தார்கள். மேளம் நின்றது. முருகையா கூட்டத்தைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, எல்லோருக்கும் முன்னால் எனக்கு விபூதி கொடுத்தார்.

"சார், மனக்கொற ஏதும் இல்லையே?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கவைகள் இரண்டும் வெட்டுப்பட்ட மஞ்சள் முகங்களோடு அவருக்குப் பின்னால் தெரிந்தன. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு குறையோடு நின்றதில்லை.

"இல்லீங்க" என்றேன்.

மேளம் மறுபடி ஆரம்பித்தது. ஒருவர் எங்கள்மேல் பன்னீர் தெளிக்க, ரதம் நகர்ந்தது. கழுவிய தார்ச் சாலையில் சக்கரச் சத்தம் தெளிவாகக் கேட்டது. "முன்னெல்லாம் சத்தமே வராதுடி, பஞ்சு மேல போற மாதிரி இருக்கும்" என்று ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். நான் நிற்பதைக் கவனித்ததும் பேச்சை மாற்றி, "வெயில் இன்னைக்கு ஜாஸ்தி இல்ல சார்?" என்றாள். ஆமாம், வெயில் அதிகம்தான். நிழல் இருந்த இடம் அது.

மதியம் மூன்று மணிப் பேருந்துக்கு யாழினி தானா ராத்தா வரை வந்தாள். என்னோடு ஈப்போவுக்கு வரும்படி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன்; அதனால்தான் கேட்கவில்லை.

"இனிமே ஏதாவது ஆனா அன்னைக்கே சொல்றேன்பா" என்றாள். "ஒங்களுக்குப் பயமா இருந்தா எனக்கு போன் பண்ணுங்க. எத்தன தடவ வேணும்னாலும். ஆனா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

ஈப்போவில் எங்கள் தெருவில் மூடியில்லாத சாக்கடை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் புகார் சொல்லாத ஆளில்லை. அடுத்த வீட்டு மாமரக் கிளை, பள்ளிக்கூட வாசலில் கார் நிறுத்துகிறவர்கள் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுவேன், எதுவும் மாறியதில்லை. நான் சொல்வதால் ஒன்றும் நடக்காது என்ற தைரியத்தில்தான் இத்தனை வருடம் என் பயத்தையெல்லாம் தாராளமாகப் பேசித் திரிந்திருக்கிறேன். அந்த மலையில் ஒருவர் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். மறுநாள் மதியத்துக்குள் அது நடந்துவிட்டது.

ஜக்கராண்டா பார்க்க விரும்புகிறவர்கள் மழை பிடிப்பதற்குள் போய்விடுங்கள். தானா ராத்தாவில் இன்னும் பூ இருக்கிறது. கீழே அந்தத் தோட்டத்துப் பக்கம் போனால், வளைவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்கத் தோன்றும். மரம் எங்கே என்று கேட்பீர்கள். தேநீர் கொடுப்பார்கள், முறுக்கு கொடுப்பார்கள். காரணத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். மகளைப் பார்க்க வந்த ஒரு தகப்பனை அவர்கள் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.