மதினி சாத்தி வைத்த கம்பு

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வருசக்கணக்காக ஒரு கம்பு நின்றது. நாட்டுக் கருவேலங் கம்பு. ஆள் நெஞ்சு உயரம் இருக்கும். பிடிக்கிற இடம் மட்டும் கறுத்து வழுவழுவென்று இருக்கும். எண்ணெய் போட்டதில்லை, ஊர்க்காரர் கை பட்டுப் பட்டு வந்தது. பேரன் ஒரு தடவை புளியங்காய் அடிக்க அதை எடுத்தான். வாங்கி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டான்.

அது முறைக்கம்பு. பொழுது விடிந்து கதவைத் திறக்கையில் வாசலில் அந்தக் கம்பு சாத்தியிருந்தால் அன்றைக்கு அந்த வீட்டு ஆள் கண்மாய்க் காவலுக்குப் போக வேண்டும். பொழுது அடையத் திரும்புகிறபோது அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட வேண்டும். கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும் கம்பு போகும், அவனும் வாங்கிக்கொண்டு போவான். இந்த ஏற்பாட்டைச் செய்தது என் மதினி. என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தவர்.

எங்கள் ஊர், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி நடந்து போகிற ஊர். பருத்தியும் சோளமும் குதிரைவாலியும் வானம் பார்த்து விளைகிற காடு. கண்மாய் ஒன்றுதான் சொத்து. கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலம் பெரிது பெரிதாகக் குடை விரித்து நின்றது. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் பெருகியதும் நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். பங்குனி வெயில் ஏறுகிற வரைக்கும் ஊரில் அந்தச் சத்தம்தான். எச்சம் விழுந்த தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகும். அந்த வயலுக்கு உரம் தேவைப்படாது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டவுனில் சாயம் காய்ச்சுகிற அடுப்புக்கு விறகு கேட்டு வண்டி வரும். முட்டை எடுக்க ஆள் வரும். துப்பாக்கி தூக்கிக்கொண்டும் வருவார்கள். வருகிறவனை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகையில், குஞ்சோடு இருந்த மரத்தை விறகுக்காரர்கள் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். மதினி பருத்திக் காட்டிலிருந்து வந்த கோலத்தில் நேரே அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் போனார். கடை முன்னால் ஆம்பிளைகள் கூடியிருந்தோம். "மீசை வச்சிருக்கவுகள்லாம் கொஞ்சம் கண்மாய்ப் பக்கம் வந்து அதைக் காட்டுங்களேன். வண்டிக்காரன் பாத்துப் பயப்படட்டும்" என்றார். அண்ணாச்சி சிரித்தார். "ஏத்தா, எனக்கு நரைச்ச மீசையில்ல?" "நரைச்ச மீசைக்குத்தான் அண்ணாச்சி மருவாதி." எல்லாரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. "பேறுகாலத்துக்கு நம்ம வீடு தேடி வந்திருக்குக. வந்த பிள்ளைகள விறகுக்காரன்கிட்ட விட்டுட்டு நிப்பீகளா?" என்று கேட்டார். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து வீட்டுக்குப் போய் ஏர்க்கால் ஓரம் கிடந்த கம்பைச் சீவிக்கொண்டு வந்தார். முதல் நாள் அது அண்ணாச்சி வீட்டு வாசலில்தான் நின்றது.

மதினி வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கண்மாய்க்குள் இரும்பு இறங்கக் கூடாது. அரிவாள், கோடாலி எதுவானாலும் கரையிலேயே வைத்துவிட வேண்டும். புல் அறுக்கப் போகிற பெண்கள்கூடக் கையால் பிடுங்கித்தான் வந்தார்கள். செத்த கிளை தானாக விழுந்தால் எடுக்கலாம், ஒடிக்கக் கூடாது. முதலில் முணுமுணுத்தார்கள். ஒரு வருசம் போனதும் அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் பென்சில் சீவுகிற பிளேடைக்கூடக் கரையில் வைத்துவிட்டு இறங்கும்.

மதினியின் முறை வந்த ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பெரிய இடம். துப்பாக்கி இருந்தது. நான் பக்கத்து வயலில் நின்றேன். மதினி கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். "கறி வேணும்னா நம்ம வீட்டுல கோழி நிக்கிது. அடிச்சுக் கொழம்பு வச்சுத் தாரேன். தின்னுட்டுப் போங்க சார்" என்றார். அதில் ஒருவன், "பறவை மேல ஒங்க பேரு எழுதிருக்கா?" என்றான். "எழுதிருக்கு. எங்க வயல்ல வந்து பாருங்க, வெள்ளை வெள்ளையா எழுதிருக்கு." கூட வந்தவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு சுட முடியுமா? போய்விட்டார்கள். சாயங்காலம் மதினி கம்பை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டு அடுப்பு பற்ற வைத்தார்.

பிறகு மழை ஏமாற்றத் தொடங்கியது. ஆம்பிளைகள் பருத்தி அரைக்கிற மில்லுக்கும் தறிக்கும் கிளம்பினார்கள். விடியப் பஸ் ஏறினால் பொழுது அடைந்துதான் வருவார்கள். கம்பு ஒரு வாசலிலேயே நாலைந்து நாள் நிற்கும். மதினி எடுத்து அடுத்த வாசலில் சாத்துவார், அங்கேயும் நிற்கும். கடைசியில் அவரே போவார். யாரையும் குறை சொன்னதில்லை. "அவுகளும் வயித்த வச்சுக்கிட்டு என்ன செய்வாக" என்பார். அந்த நேரத்தில்தான் சர்க்கார் ஆள் கிராம சேவக் சைக்கிளில் ஒரு மூட்டை விதை கொண்டு வந்தார். சீமைக் கருவேலம். நல்ல மனுசர். அவர் நம்பித்தான் கொடுத்தார். "தண்ணி ஊத்த வேணாம். எலைய ஆடு கடிக்காது. மூணு வருசத்துல பாம்புகூட நுழையாத வேலியாயிரும்" என்றார். "பாம்பு நுழைஞ்சாப் போகுது சார். துப்பாக்கிக்காரன் நுழைய மாட்டான்ல?" என்று மதினி கேட்டார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. காவலுக்கு ஆள் இல்லை. காவலுக்கு வேலி. கண்மாயைச் சுற்றிக் கரையோரம் முழுக்க ஊன்றினோம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார்கள். மதினி வரகு வறுத்து வெல்லம் போட்டு எல்லாருக்கும் கொடுத்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

வேலி வந்தது. சொன்ன மாதிரியே வந்தது. விறகு வண்டி வருவது நின்றது. ஆனால் இலையைக் கடிக்காத ஆடு காயைத் தின்றது. இனிப்புக் காய். தின்ற ஆடு வற்றிய கண்மாய்க்குள் மேய்ந்து புழுக்கை போட்டது. அடுத்த மழைக்கு உள்ளே முழங்கால் உயரத்துக்கு முளைத்து நின்றது. அப்போது அரிவாளும் கடப்பாரையும் எடுத்திருந்தால் ஒரு வாரத்து வேலை. அண்ணன் சொன்னார், "வெட்டிப்புடுவோம்" என்று. மதினி மறுத்துவிட்டார். "இன்னைக்கு இதுக்குன்னு இரும்பு எறக்குனா நாளைக்கு அதுக்குன்னு எறங்கும். ஒருத்தனுக்கு விட்டா ஊருக்கே விடணும்." கையால் பிடுங்கிப் பார்த்தோம். பிடுங்க வராது. வேர் அப்படி. உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். ஊர் முழுக்க அவர் வைத்த சட்டத்தை மதித்தது. மதித்து மதித்தே மூன்று மழை போய்விட்டது.

அதற்குள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலும் முள் மண்டி அடைந்துவிட்டது. பெய்கிற கொஞ்ச மழையும் கண்மாய்க்கு வரவில்லை. தண்ணீர் இல்லாமல் நாட்டுக் கருவேலம் ஒன்றொன்றாகப் பட்டுப்போனது. பட்ட மரத்துக்கு அடியில் புதுக் கன்று முளைக்கச் சீமைக் கருவேலம் இடம் விடவில்லை. மதினி தானே கரையில் நின்று ஊரைக் கூட்டிச் சொன்னார். "நான் போட்ட சட்டத்த நானே எடுத்துட்டேன். எல்லாரும் அருவா எடுத்துட்டு வாங்க." அரிவாள் வந்தது. ஆனால் வேர் தோண்ட வரவில்லை. பஞ்ச காலம். அந்தக் கட்டையை வெட்டி மூட்டம் போட்டால் கரி. கரி லோடு ஏற்றினால் கூலி. வெட்ட வெட்டத் தழைக்கிற மரத்தை வேரோடு எடுக்க யாருக்கு மனம் வரும்? நானும் மூட்டம் போட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினேன். அண்ணாச்சி கரி வியாபாரம் செய்தார். மதினி அவரிடம் வேரோடு எடுக்கச் சொல்லிக் கேட்டபோது, "தாயீ, அது போச்சுன்னா இந்த ஊர்ல அடுப்பு எரியாது" என்றார். பொய் இல்லை. மதினி, "எரியட்டும் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அண்ணனும் மதினியும் நானும் ஓய்ந்த நேரமெல்லாம் கடப்பாரையோடு வரத்துக்காலைத் திறந்தோம். எழுபதுகளின் நடுவில் ஒரு வருசம் மழை நன்றாகப் பிடித்தது. கண்மாய் பெருகியது. ஒரு காலையில் மதினி ஓடி வந்தார். "கொழுந்தனாரே, பிள்ளைக வந்துருச்சு!" நரை தட்டிய பிறகு அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பு மாதிரி இல்லை, கொஞ்சந்தான். இறங்க மரம் தேடிச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. பழைய மரம் இல்லை. சீமைக் கருவேலத்தில்தான் இறங்கின. கூடு கட்டின. அன்று மாலை மதினி கம்பைத் துடைத்து எங்கள் வாசலில் சாத்தினார். மறுநாள் நான் காவலுக்குப் போனேன். முட்டை பொரிந்தது. ஊரும் வந்து பார்த்தது. அண்ணாச்சிகூட வந்தார்.

தை பிறக்கிறதுக்கு முந்தி ஒரு காற்று மழை. சீமைக் கருவேலத்தின் கிளை குடை மாதிரி விரியாது. சரிந்து தொங்கும். காற்றுக்குத் தாங்கவில்லை. விடிந்து போனபோது கூடுகள் தண்ணீரில் மிதந்தன. குஞ்சுகள் கீழ்க் கிளை முள்ளில் குத்தி நின்றன. இறகு முளைக்காத குஞ்சுகள். சிலது அசைந்து, எடுப்பதற்குள் அடங்கியது. தாய்ப் பறவைகள் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தன. மதினி இடுப்புத் தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக முள்ளிலிருந்து எடுத்தார். முந்தியில் போட்டார். நானும் அண்ணனும் எடுத்துக் கொடுத்தோம். கரையில் குழி தோண்டி மூடுகிறபோது மதினி, "இந்த முள்ள நாந்தான ஊனுனேன்" என்றார். அண்ணன், "எல்லாருந்தான் ஊனுனோம்" என்றார். மதினி தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை. கத்திக்கொண்டிருந்த பறவைகள் மறுநாள் இல்லை.

குஞ்சு எடுத்தபோது மதினியின் குதிகாலில் முள் ஏறியிருந்தது. அவர் அதைச் சொல்லவேயில்லை. சீழ் வைத்த பிறகுதான் தெரிந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காலை மட்டும் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். கண்மாய்க்கு நடக்க முடியாது. ஐப்பசி பிறந்தால் தினமும் சாயங்காலம் கேட்பார். "வந்துச்சா?" "வரல மதினி." அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் மனசு கேட்காமல் ஒரு நாள், "நாலஞ்சு வந்துருக்கு" என்று சொல்லிவிட்டார். மதினி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் காற்றை மூக்கால் இழுத்தார். "எச்ச நாத்தம் வரலியே" என்றார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த ஐப்பசியில் அவர் இல்லை. கடைசி நாளில் பேச்சு குழறிவிட்டது. "கம்பு யாரு வாசல்ல நிக்கிது?" என்று கேட்டது மட்டும் விளங்கியது. "நம்ம வாசல்லதான் மதினி" என்றேன். அப்போது அது உண்மை. கண்ணை மூடிக்கொண்டார்.

போன மாதம் டவுனிலிருந்து இளவட்டங்கள் வந்தார்கள். ஒரே மாதிரி பனியன் போட்டிருந்தார்கள். மண் தோண்டுகிற மெசின் வைத்துச் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தார்கள். ஊர் ஒரு தலைமுறையாகத் தோண்டாததை ஒரே பகலில் எடுத்துவிட்டது அந்த மெசின். பழைய மரம் எங்கே நின்றது என்று என்னிடம் கேட்டார்கள். காட்டினேன். அந்த இடங்களில் நாட்டுக் கருவேலங் கன்று வைத்தார்கள். நல்ல பிள்ளைகள். கை கிழிந்தும் வேலை செய்தார்கள். கிளம்புகிறபோது, "நாளைக்கு யாரு வருவா?" என்று கேட்டேன். "அடுத்த மாசம் வாரோம் தாத்தா" என்றார்கள்.

கன்று சின்னது. ஆடு கடித்துவிடும். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கம்பை எடுத்தேன். தெருவில் இறங்கி ஒவ்வொரு வாசலாகப் பார்த்தேன். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கம்பு என்னவென்று தெரியாது. சாத்தினால் விறகுக்குப் போய்விடும். திரும்பி வந்து என் வாசலிலேயே சாத்தினேன். விடிந்து கதவைத் திறந்தேன். நின்றது. எடுத்துக்கொண்டு போனேன். பொழுது அடைந்ததும் கொண்டுவந்து அதே வாசலில் சாத்தினேன்.