நசிமியு சொன்ன ‘போலே’

லுகோவாவில் நசிமியு வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். அந்தப் பெயரில் எங்கள் ஊரில் மட்டும் ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். ‘ஏனம்மா வீடு’ என்று கேளுங்கள், வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். ‘ஏன்’ ஆறு வயதில் ஒட்டிக்கொண்டது, ‘அம்மா’ பிள்ளை பெற்ற பிறகு சேர்ந்தது. ஆறு வயதில் அவள் ஞாயிறு ஆராதனையின் நடுவில் எழுந்து நின்று, “வெள்ளத்துல மிதந்த பேழைக்குள்ள சிங்கம் இருந்துச்சே, அது அத்தனை நாளும் எதைத் தின்னுச்சு?” என்று கேட்டாள். பழைய போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாட ஆரம்பித்துவிட்டார்.

அவள் கொத்தனார் ஆனதும் இந்தக் கேள்வி வியாதியால்தான். கல்யாணமான புதிதில் புருஷன் முக்வானா தன் கையாலேயே ஒரு சமையலறை கட்டினான். மூன்றாவது மழைக்கு மேற்குச் சுவர் அப்படியே சாய்ந்து ஐந்து கோழிகளை நசுக்கிவிட்டது. வேறு பெண்ணாக இருந்தால் கோழிக்கு அழுதிருப்பாள், அல்லது புருஷனைப் பிடித்து உலுக்கியிருப்பாள். இவள் விழுந்த சுவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கல்லாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த செங்கல்லை அப்படியே வைத்ததால் கலவையின் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிட்டது என்று அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தானே சுவரை எழுப்பினாள். பிறகு பக்கத்து வீட்டுக் கழிப்பறை, எதிர்வீட்டு அறை என்று ஊர் முழுக்க அவள் கரணை போய்வந்தது.

எங்கள் தேவாலயத்தின் கடைசி பெஞ்சுகளில் மூன்றாம் வகுப்பும் சாமான் அறையில் நான்காம் வகுப்பும் நடந்துகொண்டிருந்த காலம் அது. பதினொரு அமெரிக்கர்கள் வருகிறார்கள், பன்னிரண்டு நாள் தங்கிப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறை கட்டித் தருவார்கள் என்று அவர்கள் சபையிலிருந்து கடிதம் வந்தது. தலைமைக் கொத்தனார் யார் என்பதில் சபைக் கமிட்டி எட்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. சிதாத்தி என்று இன்னொரு கொத்தனார் இருக்கிறான். நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல வாய்க்காரன்.

“பொம்பளைய முன்னால நிறுத்தினா வெள்ளைக்காரன் என்ன நெனைப்பான்? ஊர்ல ஆம்பளையே இல்லைன்னு நெனைக்க மாட்டான்?” என்றான்.

“அதான் உண்மைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், நீ சொன்னாத்தானே!” என்றாள் நசிமியு.

கடைசியில் பாஸ்டர் குலோபா பிடிவாதமாக நின்று அவளுக்கே கொடுத்தார். அதற்கும் ஒரு கொக்கி போட்டது கமிட்டி. இந்த இரண்டு அறையும் நல்லபடியாக முடிந்தால் மீதி நான்கு அறையும் அவளுக்கு. முடியாவிட்டால் எல்லாம் சிதாத்திக்கு, அவள் மறுபடி கழிப்பறைச் சுவருக்கே போகலாம். அன்று அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே போனாள், அதுவும் கட்டைக் குரலில்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டிருந்தார்கள். வட்டமாக நின்று ஜெபம் செய்தார்கள், பிறகு செங்கல் தூக்கினார்கள். இதுதான் நசிமியுவுக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் செங்கல் தூக்கக் கூப்பிட்டால் முப்பது பேர் வருவார்கள். விமானம் ஏறி, இரண்டு நாள் உட்கார்ந்து வந்து, கை கொப்பளிக்கச் செங்கல் தூக்குவானேன்? அவர்களில் அறுபத்திரண்டு வயது லோயிஸ் ஒருத்திதான் கேட்டதற்கு நின்று பதில் சொன்னாள். தன் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நசிமியுவுக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் உண்டு, மீதிக்குக் கையும் காலும் இருந்தன.

“நீங்க வர்ற செலவைக் காசா அனுப்பியிருந்தா ஆறு அறையும் முடிஞ்சிருக்குமே?” என்று முதல் நாளே கேட்டுவிட்டாள். பாஸ்டர் குலோபாவின் முகத்தில் ஈயாடவில்லை.

லோயிஸ் யோசித்தாள். “முடிஞ்சிருக்கும். ஆனா நான் போறேன்னு சொன்னதாலதான் எங்க ஊர்க்காரங்க குடுத்தாங்க. சும்மா கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்கம்மா. அதுவுமில்லாம, முப்பத்தொரு வருஷமா பிள்ளைங்களை ஏத்தி ஏத்தி இறக்கிட்டேன். பஸ் இல்லாத ஊர்ல பிள்ளைங்க எப்படி வருதுன்னு பாக்கணும்னு ஆசை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பார்க்க ஆசைப்பட்டு வந்தவள் என்றதும் நசிமியுவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். உங்கள் பஸ்ஸில் சண்டை வந்தால் என்ன செய்வாய், பனி விழுந்தால் கோழி எங்கே போகும், நீ இங்கே இருக்கிறாயே உன் புருஷனுக்கு யார் பொங்கிப் போடுகிறார்கள் என்று கேள்வி ஓயவில்லை. “அவரே பொங்கிக்குவார்” என்று லோயிஸ் சொன்னதை நசிமியு ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். முக்வானா இரண்டு நாள் தலைமறைவாகச் சாப்பிட்டான்.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சுவர் தோளுயரத்துக்கு மேல் எழும்பியிருந்தது. சாரத்தின் மேல் நின்று செங்கல் வாங்கிக்கொண்டிருந்த லோயிஸின் காலடியில் பலகை ஒரு பக்கமாக இறங்கியது. அவள் மணல் குவியலில் வந்து விழுந்தாள். மணல் மட்டும் இல்லையென்றால் கதையே வேறு. இடது மணிக்கட்டு போய்விட்டது.

நசிமியு கரணையை எறிந்துவிட்டு ஓடினாள். லோயிஸின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “போலே! போலே சானா! போலே என் தாயே!” என்று கண்ணீர் வழிய அரற்றினாள். பாஸ்டர் குலோபா லோயிஸைக் காரில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

குழுத் தலைவர் ஹார்லன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புறப்படும்போது அவர்களுக்குக் கொடுத்த இருபது வார்த்தைகள் அதில் இருந்தன. பதினான்காவது: ‘போலே — சாரி’.

“இவங்க சாரியா சொன்னாங்க?” என்று பக்கத்தில் நின்ற சிதாத்தியைக் கேட்டார்.

“ஆமாங்க. ரொம்ப சாரிங்கறா.”

சிதாத்தி பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஒருத்தர் தடுக்கி விழுந்தால், காய்ச்சலில் படுத்தால், மழையில் நனைந்து வந்தால், மாடு தொலைந்தால் நாங்கள் போலே என்போம். உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்பதற்கு எங்களிடம் உள்ள சொல் அது. ஆங்கிலத்தில் பேசினால் அதையே சாரி என்போம். அவர்கள் ஊரில் சாரி என்றால் தப்பு செய்தவன் சொல்வது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மத்தியானம் கையில் மாவுக்கட்டோடு லோயிஸ் திரும்பி வந்து, தான் தங்கியிருந்த வாத்தியார் வீட்டில் படுத்தாள். ஊர் திரண்டது. ஒருத்தி முட்டை கொண்டு வந்தாள், ஒருத்தி பால், ஒருத்தர் உயிரோடு ஒரு சேவல். வந்தவர்கள் எல்லோரும் கட்டில் பக்கத்தில் நின்று, “போலே” என்றார்கள். வேலை நடக்கும் பக்கமே எட்டிப் பார்க்காத கண் தெரியாத கிழவர் ஒருவரும் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, “போலே சானா” என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்ற ஹார்லனுக்குத் தலை சுற்றியது. நாற்பத்திரண்டு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றால் இந்தச் சாரத்தை என்னதான் செய்தார்கள்?

மறுநாள் காலை வேலையை நிறுத்திவிட்டார். கொத்தனாரே தப்பை ஒப்புக்கொண்டபின் வேறு ஆளை வைப்பதுதான் தங்கள் முறை என்றார். சிதாத்தி அதற்குள் சலவைச் சட்டையில் வந்து நின்றுவிட்டான். பாஸ்டர் குலோபா கையைப் பிசைந்துகொண்டு நசிமியுவிடம் வந்தார்.

“நீ ஒப்புக்கிட்டியாமே?”

“நான் எப்ப ஒப்புக்கிட்டேன்?”

“போலேன்னு சொன்னியாமே.”

“விழுந்தவகிட்ட வேற என்ன பாஸ்டர் சொல்றது, வாழ்த்துக்களா?”

பாஸ்டர் போய் ஹார்லனிடம் விளக்கினார். “அவள் சாரி சொன்னாள்தான், ஆனால் சாரிக்காகச் சொல்லவில்லை, ரொம்ப சாரிப்பட்டதால் சொன்னாள். எங்கள் எல்லோருக்குமே சாரிதான்” என்றார். கெட்டது குடி! ஹார்லன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் தாளைப் பார்த்தபடியே சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவர், தாழ்ந்த வாசல் நிலையில் மடாரென்று நெற்றியை இடித்துக்கொண்டார்.

“போலே!” என்றார்கள் உள்ளே சோளமாவில் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் ஒரே குரலில்.

“நீங்க ஏன் சாரி சொல்றீங்க? நான்தானே போய் இடிச்சுக்கிட்டேன்!” என்று கத்தினார் ஹார்லன். கத்தியவர் நெற்றியில் கையை வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் சிரித்தார், பெண்கள் சிரித்தார்கள், கடைசியில் ஹார்லன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எழுதிய தாளை அடுப்பில் போட்டுவிட்டு, வெளியே வந்து நசிமியுவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! நாளைக்கே வேலை ஆரம்பிச்சிடலாம்” என்றார் பாஸ்டர்.

“அது சரி” என்றாள் நசிமியு. “அப்ப அந்தம்மா ஏன் விழுந்தாங்க?”

“கால் வழுக்கியிருக்கும். விடேன்.”

அவளா விடுவாள்? அப்படியே சாரத்துக்குப் போனாள். விழுந்த பலகையைத் தாங்கிய கழியைத் தொட்டுப் பார்த்தாள், அதன் கட்டுக்குள் விரலை நுழைத்தாள். இரண்டு விரல் தாராளமாகப் போனது. பச்சைத் தைல மரக் கழி. பச்சையாக இருக்கும்போது கட்டினால், வெயிலில் காயக் காயக் கழி சிறுத்துக்கொண்டே வரும், கயிறு தொளதொளக்கும். அதற்காகத்தான் தினமும் காலையில் ஒவ்வொரு கட்டாகத் தட்டிப் பார்த்து இறுக்குவாள். ஐந்து நாளும் இறுக்கினாள். ஆறாம் நாள் காலை என்ன செய்தாள்? பனியில் பஸ் வழுக்கினால் பிரேக்கை எப்படி மிதிக்க வேண்டும் என்று லோயிஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சாரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தேடி வந்த பாஸ்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“யாருக்கும் தெரியாது. கயித்தை இறுக்கிக் கட்டு, வாயை மூடிக்க. நாலு அறை, நசிமியு! எட்டு வாரம் கமிட்டியோட மல்லுக்கு நின்னிருக்கேன்.”

“எனக்குத் தெரியுமே பாஸ்டர்.”

“உனக்குத் தெரிஞ்சா என்ன?”

“நான் ஊர்ல எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கறவ. இதை மட்டும் மூடி வச்சா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட ஏன்னு கேப்பேன்?”

நேராக வாத்தியார் வீட்டுக்கு நடந்தாள். லோயிஸ் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஹார்லன். நசிமியு முன்னால் போய் நின்று, “நிசமேஹே” என்றாள். ஹார்லன் வார்த்தைத் தாளை எடுத்துத் தேடினார். அந்த வார்த்தை இருபதில் இல்லை.

“என்னை மன்னிச்சிடுங்கன்னு சொல்றா. இது உங்க ஊர் சாரி” என்றார் பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு. நசிமியு கழி காய்ந்ததையும், கயிறு தளர்ந்ததையும், தான் பேசிக்கொண்டு நின்றதையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

ஹார்லனுக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. “உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. ஆனா இனிமே அந்தச் சாரத்துல ஏறுங்கன்னு என் ஆளுங்ககிட்ட நான் எப்படிச் சொல்வேன்? யார் ஏறுவாங்க?” என்றார். அது நியாயமான கேள்வி. லோயிஸ் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் நசிமியு தனியாகப் போய் இருபத்தாறு கட்டையும் அவிழ்த்து மறுபடி கட்டினாள். அடுத்து வருகிறவன் யாராக இருந்தாலும் விழக்கூடாது, கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். சிதாத்தி தன் கயிற்றையும் கழியையும் கொண்டு வந்திருந்தான்.

“இதைப் பிரிச்சிட்டு நான் புதுசா கட்டறேன்” என்றான்.

“வேண்டாம்” என்றாள் லோயிஸ். “நீ கட்டினா அதுல எது தளரும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுல எது தளரும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.”

சொல்லிக்கொண்டே ஏணியில் காலை வைத்துவிட்டாள். ஹார்லன் கத்தினார். மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்க, அறுபத்திரண்டு வயசு மனுஷி ஒவ்வொரு படியாக ஏறினாள். நசிமியு ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாதவள் அப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மேலே பலகை கிறீச்சிட்டது. லோயிஸ் அதன் மேல் நின்று, ஒரு தடவை மிதித்தாள், பிறகு இன்னொரு தடவை ஓங்கி மிதித்தாள்.

“ஹார்லன், யார் ஏறுவான்னு கேட்டியே” என்றாள். “செங்கல் குடுங்கப்பா.”

நசிமியு கண்ணைத் திறந்து செங்கல் எடுக்கக் குனிந்தாள். அழுகையில் அவளுக்கு எந்தக் குவியலில் கை வைக்கிறோம் என்றே தெரியவில்லை. அவளுக்கு முன்னால் குனிந்து லோயிஸுக்கு எடுத்துக் கொடுத்தது சிதாத்தி.