கப்பலில் பூட்டில்லாத ஒரு கதவு

கப்பல் ஊழியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அறை காலியாக இருந்தால், தங்கள் பெற்றோரை வரி மட்டும் கட்டி ஏற்றிக்கொள்ளலாம். பயணச்சீட்டு விற்கிறவர்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். எங்கள் ஒரே மகன் ஓர் உல்லாசக் கப்பலின் சமையலறையில், கேக்கும் ரொட்டியும் செய்கிற பிரிவில் இருந்தான். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம், அந்தச் சலுகையில் நானும் என் மனைவியும் இரும்புலியூரிலிருந்து கிளம்பி, சிங்கப்பூர் போய், அந்தக் கப்பலில் ஏறினோம். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீடு ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. பஸ், லாரி, ரயில் என்று எல்லாச் சத்தமும் வீட்டுக்குள் வந்து போகும். மொட்டைமாடிக்குப் போனால் பக்கத்து அடுக்ககத்தின் சமையலறை ஜன்னல்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மனைவி ஐந்து வேளையும் தவறாமல் தொழுபவள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் தொழுதது படுக்கையறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில்தான். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. விடியற்காலை சுபுஹு தொழுகையை ஒரே ஒரு தடவை திறந்த வானத்துக்குக் கீழே, யாரும் பார்க்காமல், சத்தமில்லாமல் தொழ வேண்டும். நகை கேட்டதில்லை, ஊர் சுற்றிக் காட்டச் சொன்னதில்லை. இதை மட்டும் அவ்வப்போது சொல்லுவாள்.

ஒரு முறை இருட்டோடு கார் பிடித்துக் கோவளத்துக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் போய்ச் சேரவும் படகுகள் கரைக்கு வரவும் சரியாக இருந்தது. ஏலக் கூச்சல், கூடை இழுக்கும் சத்தம், நாலா பக்கமும் ஆட்கள். தொழுகை விரிப்பான முஸல்லாவைப் பையிலிருந்து எடுக்காமலே காருக்குத் திரும்பினாள். “இங்க நின்னு தொழுதா வஞ்சிரம் வெலதாங்க மனசுல ஓடும்” என்றாள். திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கப்பல் பயணத்துக்குச் சில வருடங்கள் முன்னால் எனக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனி சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஒரு வருடம் தொடவில்லை. பிறகு தாம்பரம் சந்தைக்குக் காய் வாங்கப் போகிற நாட்களில் ஒன்று. வாயில் ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டு வீட்டுக்கு வருவேன்.

கப்பல் ஏறிய அன்று மாலை, மனைவி அறையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம் கிடைத்தது. பின்தளத்துக் காபிக் கடையில் என்னை உட்கார வைத்து, கப்பலின் நெளிவு சுளிவுகளைச் சொன்னான். முதல் நாளே உணவுக்கூடத் தலைவரிடம் சொல்லி வைத்தால் ஹலால் சமையல் தனிப் பாத்திரத்தில் வந்துவிடும். காலையில் கஞ்சி கேட்டால் அறைக்கே கொண்டுவருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள். அன்று இறங்காமல் இருப்பவருக்குக் கப்பல் முழுவதும் சொந்தம். மூன்றாவது தளத்தில் நூலகம் என்று ஓர் அறை இருக்கிறது, அங்கே தூங்குகிறவர்களைத் தவிர யாரும் வருவதில்லை.

“இதெல்லாம் உங்களுக்கு. இப்ப சொல்றது அம்மாவுக்கு” என்றான். “ஏழாவது தளத்துல, கேபின் வரிசை முடியற வரைக்கும் முன்பக்கமா நடங்க அத்தா. கடைசியில கனமா ஒரு இரும்புக் கதவு இருக்கும். ஊழியர் வழின்னு நெனச்சு எல்லாரும் திரும்பிடுவாங்க. ஆனா பூட்டு கிடையாது, பயணிகள் போகலாம். தள்ளினா வெளிய கப்பலோட மூக்கு. பாட்டு இல்ல, நீச்சல் குளம் இல்ல, ஒரு ஆள் இருக்க மாட்டாங்க.”

தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லாவுக்காக, கப்பலின் போக்கையும் மேலே மாலுமிகளிடம் கேட்டு வைத்திருந்தான். “நாளைக்கும் நாளான்னைக்கும் காலைல கப்பல் வடமேற்க போகும். முன்னால பாத்து நின்னு, லேசா இடது பக்கம் திரும்பினா கிப்லா. திரும்பி வரும்போது அந்த எடம் ஆகாது அத்தா, கிப்லா பக்கம் சுவர் வந்துடும். இந்த ரெண்டு காலைதான்.”

அறைக்கு வந்து மனைவியிடம் இடத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் எப்படி மாறியது என்பது இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் அறை உள்பக்கத்து அறை, ஜன்னல் கிடையாது. “இது கப்ருக் குழிக்குள்ள இருக்கற மாதிரில்ல இருக்கு. நல்லவேளை, புள்ள வெளிய ஒரு எடம் பாத்து வச்சான்” என்றாள்.

மறுநாள் அவள் விடியலுக்கு வெகு முன்பே எழுந்து, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளு செய்துவிட்டுத் தயாராக இருந்தாள். “முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு வரேன், தரை ஈரமா இருந்தா வழுக்கும்” என்று நான் மட்டும் போனேன். அது உண்மையான அக்கறைதான். ஆனால் சட்டைப் பையில், தீர்வையில்லாக் கடையில் முந்தின நாள் வாங்கிய சிகரெட் இருந்தது. அதுவும் உண்மை.

கதவு மகன் சொன்ன மாதிரியே இருந்தது. தோளால் தள்ளினேன். வெளியே கடலும் இருட்டும் காற்றும் மட்டும். காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் தண்ணீர் பிளக்கும் ஓசை. அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை. சுவரோரம் காற்று படாத மூலை ஒன்று இருந்தது. அங்கே நின்று பற்ற வைத்தேன். ஒளிந்து, அவசரமாக, பாதியில் அணைத்துவிட்டு வருகிற சிகரெட்டாக இல்லாமல், சில வருடங்களுக்குப் பிறகு நிதானமாக ஒன்று. அது முடிந்ததும் இன்னொன்று.

அப்போது கதவு திறந்தது. கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் தலையை நீட்டினார்.

“இன்னா பாய், நீங்களும் வூட்டுக்குத் தெரியாம ஒதுங்கிக்கினு இருக்கீங்களா?”

பம்மலில் தோல் பட்டறை வைத்திருப்பவராம். கூட்டமாகச் சுற்றுலா வந்தவர். நான் இரும்புலியூர் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “த்தோடா! இரும்புலியூர்லேந்தும் பம்மல்லேந்தும் ஒரு தம்முக்காக இம்மாந்தூரம் வந்துகீறோம். நம்ம பக்கத்துல ஆளில்லாத எடம் எங்க கீது, சொல்லுங்க.”

அவரோடு பேசிக்கொண்டு நின்றதில் கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. அறைக்குத் திரும்பினேன். மனைவி முஸல்லாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், தலையில் துப்பட்டி போட்டு, செருப்பு மாட்டி.

“போலாமா?” என்றாள்.

“பூட்டியிருக்கு. காத்து அதிகம்னு பூட்டிட்டாங்களாம்.”

எப்படி அது என் வாயிலிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அங்கே இன்னும் புகை வாடை இருக்கும், பம்மல்காரர் ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயம் ஒரு காரணம். அந்த இடம் எனக்கு மட்டும் வேண்டும் என்று தோன்றியது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

“சரி, நேரம் போகுது. கிப்லா எந்தப் பக்கம்?” என்று செருப்பைக் கழற்றினாள்.

நான் தொலைக்காட்சி இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பல் விளக்கப் போனேன். இரண்டு கட்டில்களுக்கு நடுவே முஸல்லா முழுதாக விரியவில்லை. ஓரத்தை மடித்துப் போட்டுத் தொழுதாள்.

மறுநாள் காலையிலும் ஒளு செய்துவிட்டு, “இன்னைக்குத் தொறந்திருப்பாங்க, பாத்துட்டு வாங்க” என்றாள். அன்று கூட்டிப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்துப் போனேன். பம்மல்காரர் எனக்கு முன்பே வந்திருந்தார். தீப்பெட்டியை நீட்டினார். மனைவி தொழுவதற்கு இடம் தேடுகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

அவர் உடனே சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கினார். “அட, இத்த மொதல்லயே சொல்றதில்ல? வூட்டம்மாவ இட்டுக்கினு வாங்க பாய். நான் கீழ போயிடறேன். வேற யாரும் வராம கதவாண்ட வேணா நிக்கிறேன்.”

“வேணாம், அவளுக்கு இந்த உயரத்துல தலை சுத்தும்” என்றேன். கையில் இருந்தது அப்போதுதான் பற்ற வைத்தது.

அறைக்கு வந்து அதே பொய்யை இரண்டாம் தடவை சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றினாள். முஸல்லாவின் ஓரத்தை முந்தைய நாள் மடித்த மடிப்பிலேயே மடித்தாள்.

கடைசி நாள் பிற்பகல் மகனுக்கு மறுபடியும் கொஞ்ச நேரம் கிடைத்தது. தானே செய்த கேக்கை ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுவந்தான். சமையலறை உடுப்பின் கைகளில் மாவு ஒட்டியிருந்தது. உட்காரும் முன்பே கேட்டான்.

“அம்மா, தொழுதீங்களா? எடம் எப்படி? கதவத் தள்ள கஷ்டமா இருந்துச்சா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

“தொழுதேன்பா” என்றாள். “ரொம்ப நல்லா இருந்துச்சு. உனக்காக துவா கேட்டேன்.”

மகன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். “உங்களுக்காகத்தாம்மா எல்லாரையும் விசாரிச்சேன்” என்றான். கேக்கை மூன்றாக வெட்டினான். என் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

தொழாத இடத்தில் தொழுததாக அவள் வாழ்க்கையில் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதைச் சொல்ல வைத்தவன் நான். அவன் எழுந்து வேலைக்குப் போனதும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“அந்தக் கதவுல என்ன பூட்டுங்க?” என்றாள் சாதாரணமாக. “இரும்புப் பூட்டா, பித்தளைப் பூட்டா?”

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. வீடு வந்து சேர்ந்ததும் அடுத்தடுத்துச் சில நாட்கள் நோன்பு பிடித்தாள். ரமலான் இல்லை. அந்தப் பொய்க்குப் பரிகாரமா என்று கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. மீதி இருந்த சிகரெட்டைக் குப்பையில் போட்டேன். அதன் பிறகு உண்மையாகவே தொடவில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அடுத்த வருடம் அவளுடைய இரண்டு மூட்டுகளும் போய்விட்டன. மடக்கி உட்கார முடியாது, குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க முடியாது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். சஜ்தாவுக்குத் தலையை மட்டும் தாழ்த்துகிறாள். அவள் நெற்றி தரையில் பட்ட கடைசி வருடம் அந்தக் கப்பல் பயணம் போன வருடம். அது அப்போது எனக்குத் தெரியாதுதான். தெரிந்திருந்தால் கூட்டிப் போயிருப்பேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மகன் விடுமுறையில் வரும்போதெல்லாம் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லுவான். “எங்கம்மா கப்பல் மூக்குல நின்னு தொழுதவங்க.” அவள் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒவ்வொரு முறையும் அவள் இப்படி எழுந்து போவதைப் பார்த்துத்தான் இதை எழுத முடிவு செய்தேன்.

எழுதப்போவதை அவளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எழுதுங்க. ஆனா ஊர் படிக்கறதுக்கு முன்னால அவனுக்குப் படிச்சுக் காட்டுங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பூட்டையும் விட்டுடாதீங்க” என்றாள்.

போன வெள்ளிக்கிழமை அவன் பேசியபோது, கைபேசியை மேசைமேல் ஒலிபெருக்கியில் வைத்து, இதுவரை எழுதியதைப் படித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடித்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

“அத்தா, உங்க கேபின்ல டிவி கட்டிலோட கால்மாட்டுலதான இருந்துச்சு?”

“ஆமா.”

“அந்த வரிசையில எல்லா கேபின்லயும் கால்மாடு கப்பலோட பின்பக்கம்.” பிறகு சொன்னான். “அம்மா ரெண்டு நாளும் கிப்லாவுக்கு முதுகக் காட்டித்தான் தொழுதிருக்காங்க அத்தா.”

நான் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குத் திசை கற்றுக்கொடுத்தவன். என் மனைவியின் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

“அவன வைக்கச் சொல்லுங்க, வேலை இருக்கும்” என்றாள் அவள். “அஸர் தொழுகைக்கு நேரமாச்சு.” மேசையைப் பிடித்து எழுந்து, நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய், பீரோவுக்குப் பக்கத்தில் அது வழக்கமாக நிற்கும் இடத்தில் நேராகத் திருப்பிப் போட்டாள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள்.