பூசையில் வைத்த லெப்டொப்

சரஸ்வதி பூசையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம். மற்றச் சட்டங்களெல்லாம் படி, எழுது, பல்லைத் தேய் என்று எதையாவது செய்யச் சொல்லும். இது ஒன்றுதான் சும்மா இரு என்று சொன்னது. அதையும் நான் மீறினேன் என்றால், என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. கண்டியில் கட்டுக்கலைப் பக்கம், நாற்பது படி ஏறிப் போகிற ஒரு மேட்டு வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு கந்தோரில் வீட்டு இலக்கங்களைப் பதிகிற கிளாக். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள், கூடவே எங்கள் எல்லோருடைய பாவ புண்ணியத்தையும் பார்த்துக்கொண்டாள். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். தினமும் கம்பளை பஸ்ஸைப் பிடித்துப் பேராதனைக்குப் போய் கம்பஸில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் ஒரு லெப்டொப் இருந்தது. அதற்குள் இரண்டு குடித்தனம். பொத்தானை அமுக்கியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து, லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும். லினக்ஸ் அக்காவுடைய பக்கம். அவளுடைய படிப்பெல்லாம் அதற்குள்தான். விண்டோஸ் பக்கத்தில் நான் படம் கீறலாம் என்று அனுமதி கொடுத்திருந்தாள். தன் பக்கத்தை மட்டும் தொட்டால் விரலை முறிப்பேன் என்றும் சொல்லியிருந்தாள். நானும் கடைசிவரை அந்தப் பக்கத்தைத் தொடவேயில்லை. அதுதான் வேடிக்கை.

அந்த வருஷம் அவளுடைய கடைசி அறிக்கையைக் கொடுக்கவேண்டிய நாள் விஜயதசமியன்று வந்து விழுந்தது. நமக்கு விஜயதசமி என்றால் கம்பஸுக்கு என்ன, லீவா விடுவார்கள்? பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் வாங்கமாட்டார்கள், அடுத்த வருஷம்வரை காத்திருந்து மறுபடியும் செய்யவேண்டியதுதான். அக்கா பல நாள் தூக்கம் கெட்டு அதை எழுதி முடித்திருந்தாள். அச்சடிப்பது மட்டும் பாக்கி. விஜயதசமியன்று காலையில் அச்சடித்தால் நல்லது என்று அம்மா சொன்னாள். அதற்கு முந்தின நாள் லெப்டொப் பூசையில் இருக்கவேண்டும் என்றும் சொன்னாள். அக்காவும் சரியென்று சரஸ்வதி படத்துக்கு முன்னால், வெள்ளைத் துணி விரித்த மேசையில், எங்கள் புத்தகங்களுக்கு மேலே அதை வைத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது. ஆனால் அது மூன்று வாரத்துக்கு முந்தியது.

பின்னேரம் அம்மாவும் அக்காவும் கோயிலுக்குப் போனார்கள். அப்பா அறைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் ஒரு கார் ஓட்டுகிற கேம் கொடுத்திருந்தாள். லெப்டொப்பில் அதைப் போட இடம் போதவில்லை. அதற்கும் அவளே வழி சொல்லியிருந்தாள். சி என்கிற பகுதியில் இடம் இல்லாவிட்டால், டி என்கிற பகுதியை அழித்து சியோடு சேர்த்துவிட வேண்டுமாம். அவளுடைய அண்ணன் அப்படித்தான் செய்தானாம். எங்கே எதை அமுக்குவது என்று என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் கொடுத்திருந்தாள். அந்தக் கொப்பியும் பூசையில்தான் இருந்தது. ஆக, நான் உருவி எடுத்தது இரண்டு சாமான்.

டியில் இருந்ததெல்லாம் பார்த்து முடித்த சினிமாப் படங்கள். அழித்தேன். நிமிஷத்தில் போய்விட்டது. ஆனால் சியோடு சேர்க்கிற பொத்தான் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டு அமுங்கவே மாட்டேன் என்றது. ஒருமுறை நிறுத்திப் போட்டால் சரியாகும் என்று நினைத்து நிறுத்திப் போட்டேன்.

பட்டியல் வரவில்லை. கறுப்பு. அதன் மூலையில் இரண்டு வரி ஆங்கிலம், அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மினுங்கியது. முதல் வரி, அப்படியொரு பகுதியே இல்லை என்றது. இரண்டாவது வரியில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது: ரெஸ்கியூ. பள்ளியில் படித்திருந்தேன். காப்பாற்று என்று அர்த்தம். பெட்டிக்குள்ளிருந்து யாரோ என்னைக் காப்பாற்று என்று எழுதிக் காட்டுகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்ல! நிறுத்தினேன், போட்டேன், நிறுத்தினேன், போட்டேன். அதே இரண்டு வரி. நிமிர்ந்து பார்த்தால் படத்தில் சரஸ்வதி நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஸ்கொலர்ஷிப் சோதனை முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. அதையும் அவள் பிடுங்கிக்கொள்வாள் என்று முடிவுகட்டிவிட்டேன். பிறகுதான் அக்காவின் அறிக்கை ஞாபகம் வந்தது. லெப்டொப்பை மூடி இருந்த இடத்தில் வைத்து, சரிந்த பூவை நிமிர்த்தி, கொப்பியைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கோயிலிலிருந்து வந்த அக்கா சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஆறு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மூச்சு விடுகிறேன் என்றாள். அவள் கொண்டுவந்து கொடுத்த கடலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாலைந்து தடவை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா, இன்றைக்கு ஏட்டைத் தொட்டவர்களுக்கு ஏழு ஜென்மத்துக்கும் படிப்பு ஏறாது என்று அடுத்த வீட்டு மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தீபம் காட்டியாயிற்று. எங்கள் வீட்டு வழக்கம், ஆளாளுக்குத் தங்கள் படிப்பை அங்கேயே திறந்து ஒரு வரியாவது பார்க்கவேண்டும். அப்பா தன் கந்தோர்ப் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டார். அக்கா லெப்டொப்பைத் திறந்து பொத்தானை அமுக்கினாள்.

கறுப்பு. அதே இரண்டு வரி.

“ஐயையோ, சாமிக்கு முன்னுக்கு வச்ச சாமான் இப்பிடிக் கறுத்துப் போச்சே!” என்று அம்மா நெஞ்சில் கையை வைத்தாள். அப்பா, கரண்ட் இல்லையோ என்றார். அவருக்கு எல்லாக் கோளாறும் கரண்ட்தான். அம்மா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “யாரு தொட்டது?” நான் தலையை ஆட்டினேன், தொடவில்லை என்று. சாமி முன்னால் பொய்.

அக்கா எதையோ தட்டினாள். திரையில் ஒரு வரிசை வந்தது. அதை விரலால் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“தொடாத! அப்பிடியே வையி,” என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். “ஐயரக் கூட்டிட்டு வந்து கேட்டுட்டுத்தான் இனித் தொடணும்.”

“அம்மா, பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும்மா.”

“படிப்பக் குடுத்தவளே அவதான். அவ மூடி வச்சத நீ தொறக்கப் போறியா?”

ஐயர் பத்து மணிக்கு முன்னால் கோயிலைவிட்டு இறங்கமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மா குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டாள்.

“நீ சுத்தமாத்தானே இருந்த?”

அக்கா லெப்டொப்பை மூடினாள். பிறகு சொன்னாள்: “இல்லம்மா. இந்த மாசம் முந்தியே வந்திருச்சு. நேத்துக் காலையில. சொன்னா பூசைக்கு வர விடமாட்டீங்கன்னுதான் சொல்லல.”

அப்பா பத்திரிகையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “படிச்ச பொண்ணு செய்யிற வேலையாடி இது! எந்திரி. அந்தச் சனியனையும் தூக்கிக்கிட்டுப் பின்னுக்குப் போ. கண்ணு முன்னுக்கு நிக்காத.”

எனக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் கண் என்னைவிட்டு நகர்ந்துவிட்டது என்பது மட்டும் விளங்கியது. போதாதா!

சமைக்கிற குசினிக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தகரம் வேய்ந்த ஓர் ஒதுக்குப்புறம் உண்டு. மாதத்தில் மூன்று நாள் அம்மாவும் அக்காவும் ஏன் அங்கே பாய் போட்டு உட்காருகிறார்கள் என்று நான் கேட்டதேயில்லை. அக்கா அங்கே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். அம்மா என்னிடம் தேத்தண்ணியைக் கொடுத்து, கையில் கொடுக்காதே, கீழே வை என்று சொல்லி அனுப்பினாள். கீழே வைத்தேன்.

“டியதானே அழிச்ச?” என்று அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள். நான் அழத் தொடங்கினேன். “அழாத. அம்மாக்குக் கேக்கும்.”

“செத்துப் போச்சாக்கா?”

“சாகல. வாசல்ல நிக்கிறவனுக்கு வழி தெரியல, அவ்வளவுதான்.” தட்டிக்கொண்டே சொன்னாள். அவளுடைய பக்கம் ஆறாம் நம்பர் வீடாம். நான் அழித்த டி ஐந்தாம் நம்பராம். ஐந்து இடிந்ததும் ஆறு, ஐந்தாகிவிட்டது. வாசற்காரன் மட்டும் இன்னமும் ஆறைத் தேடிக்கொண்டு நிற்கிறான். புது நம்பரை நாம்தான் அவனுக்குச் சொல்லவேண்டும். கேட்க லேசாகத்தான் இருந்தது. ஆனால் செய்வது லேசாக இல்லை. ஒரு வரியைத் தட்டினாள், பிழை என்று வந்தது. இன்னொன்றைத் தட்டினாள், அதுவும் பிழை. குசினி மணிக்கூடு எட்டு அடித்தது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை எழுத்துப் பலகையில் சொட்டியதைப் பார்த்தேன். அவளுக்கும் பயமாக இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான் பயந்தது எனக்காக இல்லை.

அப்பா குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். என்ன கோளாறு என்று கேட்டார்.

“உள்ளுக்கு நம்பர் மாறிப் போச்சுப்பா.”

“தானா எப்படி மாறும்?”

“சில நேரம் மாறும்பா,” என்றாள் அக்கா. இருபது வருஷம் வீட்டு இலக்கம் பதிந்த மனிதருக்கு அது முழுத் திருப்தியான பதிலாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவது தடவை தட்டியபோது திரை ஒருகணம் இருண்டு, பட்டியல் வந்தது. லினக்ஸ், விண்டோஸ், இரண்டும். அக்கா லினக்ஸுக்குள் போய், அறிக்கையைத் திறந்து, கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தாள். அதைப் புதுப் பிரதியாகப் பென் டிரைவில் ஏற்றினாள். இனிமேல் மறக்காதபடி வாசற்காரனிடம் புது நம்பரைப் பதிந்து வைத்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு, அச்சடித்துக் கொடுக்கப் பஸ்ஸுக்கு ஓடினாள். பதினொன்றரைக்கு அறிக்கையைக் கொடுத்தாயிற்று என்று பின்னேரம் வந்து சொன்னாள். அம்மா அவள் தட்டைத் தனியாகத் தள்ளிவைத்தாள்.

அம்மா அன்றிலிருந்தே நாளை எண்ணினாள், மூன்று நாள் அக்கா அந்தப் பாயில்தான் இருந்தாள். நான்காம் நாள் தலை முழுகி உள்ளே வந்தாள். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. சரஸ்வதி என்னை மன்னித்துவிட்டாள், அக்காவும் மன்னித்துவிட்டாள். அம்மாவை அக்கா ஏதோ சாமர்த்தியமாகச் சொல்லி ஏமாற்றிவிட்டாள் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

நாலு வருஷம் கழித்து நானும் அந்தத் தகரத்தின் கீழ் உட்கார்ந்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா எங்கள் நாட்களைக் கலண்டரில் புள்ளி வைத்துக் கவனிக்கிறவள். பொய்யாக மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தவளுக்கு, நிஜமான நாள் அடுத்த வாரமே வந்திருக்கும். அதை அவள் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

அந்த அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்குப் பெறுபேறு நல்லபடி வரவேண்டும் என்று அம்மா நேர்ந்துகொண்டு, அவளையே விளக்கேற்றச் சொன்னாள். அக்கா முதலில், தலை வலிக்கிறது, நீங்களே ஏற்றுங்கள் என்றாள். அம்மா விடவில்லை. அக்கா வந்து சாமிப் படங்களுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கும் சாமி மேல் பயம் உண்டு, என்னைவிட அதிகமாகவே உண்டு. முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது குச்சி பற்றி, திரியை எட்டுமுன் அணைந்தது. மூன்றாவதைப் பிடித்த கை அப்படி நடுங்கியது.

நான் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். “லெப்டொப்பத் திருத்தின ஆளுக்கு ஒரு நெருப்புக்குச்சி பத்த வைக்கத் தெரியலியே!” என்றேன்.