நூரும் நானும் நின்ற இரண்டு கார்னர்

நனைந்த மல்லாட்டைத் தோலுக்கு ஒரு வாசனை உண்டு; பாதி மண், பாதி எண்ணெய், கொஞ்சம் அழுகல். வேர்க்கடலையைச் செஞ்சிப் பக்கம் நாங்கள் "மல்லாட்டை" என்றுதான் சொல்லுவோம். மில்லில் கழித்துப்போட்ட அந்தத் தோலைச் சாக்கில் இழுத்து வந்து, கோட்டை மலைக்குக் கீழே எங்கள் தெருக்கோடிக் காலி இடத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து, மேலே மண் போட்டு மிதித்து மெத்தென்று ஆக்கிவிட்டுத்தான் பெண்பிள்ளைகள் நாங்கள் கபடி ஆடுவோம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் முட்டியைவிட்டு அந்த வாசனை போகாது. "மாட்டுக் கொட்டாய்ல பொரண்டுட்டு வர்றியாடி?" என்று அம்மா தினமும் கேட்பாள், நானும் தினமும் சோற்றுத் தட்டை இழுத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் கிளறிவிட்டது என் பிழைப்புதான். சென்னையில் ஓர் ஆபீசில், அமெரிக்காக்காரர்கள் ஆடும் ஃபுட்பால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த ஆள் எங்கே நின்றான், என்ன செய்தான் என்று கம்ப்யூட்டரில் குறி போடுகிறேன். பெயர்தான் ஃபுட்பால்; காலால் உதைப்பது குறைவு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டிமோதுவதுதான் அதிகம். சாயங்காலத்துக்குள் கண் பூத்துவிடும், கழுத்து பிடித்துக்கொள்ளும். அதில் "டைட் எண்ட்" என்று ஓர் ஆள், முன்வரிசையின் ஓரத்தில் நிற்பான். பாய்ந்து வருகிறவனை மார்பு கொடுத்துத் தடுப்பதும் அவன்தான், சட்டென்று கழன்று ஓடிப் பந்தை வாங்குவதும் அவன்தான். சில ஆட்டங்களில் அப்படி இரண்டு பேரை நிறுத்துவார்கள். ஒருவன் தடுப்பான், ஒருவன் ஓடுவான், சில சமயம் இருவருமே தடுப்பார்கள். யார் எதற்கு என்று எதிராளிக்குக் கடைசிவரை பிடிபடாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது, "அட, இது நூரும் நானும்தானே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது? விட்டுவிட்டேன்.

நூர்ஜகான் எதிர்வீட்டு காதர் மாமாவின் மகள், என் வயதுக்காரி. கபடியில் ஏழு பேர் வளைந்து நிற்கும்போது இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களுக்குக் "கார்னர்" என்று பெயர். எதிர்ப்பக்கத்திலிருந்து "கபடி கபடி" என்று பாடி வருகிறவளின் காலைக் கவ்வுவது அவர்கள் வேலை. அவள் இடது கார்னர், நான் வலது. மற்ற ஊர்களில் பாடிப்போகத் தனியாக ஆள் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் ஆளுக்குப் பஞ்சம் என்பதால் பிடிக்கவும் நாங்களே, பாடவும் நாங்களே. எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. பாடிப்போன ஒருத்தி அவுட்டாகிவிட்டால் மற்றவள் பாடிப்போகக் கூடாது. கார்னரில் காவல் நின்று, வருகிற எதிராளியைப் பிடித்து, அவுட்டானவளை உள்ளே கொண்டுவந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

செஞ்சியை அடுத்த வல்லத்தில் ஓர் ஆட்டம். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் பிள்ளைகளை எடுக்கும் சார் ஒருவர் பார்க்க வந்திருந்தார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நூர் அவுட். நான் நகரவில்லை. என்னைப்போல் இரண்டு மடங்கு இருந்த ஒருத்தி பாடி வந்தாள். அவள் கணுக்காலைப் பிடித்த நான், மண்ணைத் தின்றும் விடவில்லை. நூர் உள்ளே வந்து, பாடிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். ஜெயித்தோம். அந்த சார் எங்களைக் கூப்பிட்டு, "பிரிச்சு எடுத்தா பிரயோஜனம் இல்லம்மா. ரெண்டு பேரும் வந்தா எடுத்துக்கறேன். திங்கக்கெழமைக்குள்ள அப்பாவ அழைச்சிக்கினு வந்து சேருங்க" என்றார். ஹாஸ்டல் சாப்பாடு, படிப்பு, பிறகு போலீசிலோ ரயில்வேயிலோ வேலை. எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், பஸ் ஸ்டாண்டு ஓரம் பஞ்சர் கடை. பக்கத்திலேயே காதர் மாமாவின் தையல் கடை. இரண்டு பேரும் உயிருக்கு உயிரான சிநேகிதர்கள். அந்த வாரம் முழுக்க ஒன்றாகத்தான் டீ குடித்தார்கள். மழையைப் பேசினார்கள், கரண்ட் போனதைப் பேசினார்கள், மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காததைக்கூடப் பேசினார்கள். இதை மட்டும் பேசவில்லை.

"இன்னா நைனா, கேட்டியா?" என்று ராத்திரி சோறு போடும்போதெல்லாம் நச்சரித்தேன்.

"நாம வாயத் தொறந்து கேட்டா அந்த மனுசனால மாட்டேன்னு சொல்ல முடியாது, மொகத்துக்காகத் தலையாட்டிடுவாரு. பொம்பளப் புள்ளய வெளியூர் அனுப்புற விசயம். அவரே சொல்லட்டும்" என்றார் நைனா.

அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்தது, போனது. மாமாதான் மறுத்துவிட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நூரிடம் கேட்க ரோஷம் விடவில்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டம் நின்றது. அவளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான் ஏதோ படித்து, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். இத்தனை வருஷமும் அந்த நல்ல மனிதர்மேல் மனசுக்குள் கசப்பு வைத்திருந்தேன்.

இந்த ஆடியில் நைனா இறந்துபோனார். காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, காதர் மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். டீயைக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன் கண்ணு. அன்னிக்கு ஒங்க நைனா ஏம்மா வேணாம்னுட்டாரு? நூருக்குத் துணியெல்லாம் தெச்சு பொட்டி கட்டி வச்சிருந்தேன். நானா போய்க் கேட்டா சிநேகத்துக்காக சரின்னுடுவாரு, அவரே வந்து சொல்லட்டும்னு ஒக்காந்துகினு இருந்தேன்."

மனசுக்குள்தான் கத்தினேன்: அட பாவிகளா! இரண்டு பேரும் காவலுக்கே நின்றுவிட்டீர்களே, பாடிப்போக ஓர் ஆள் இல்லையே!

உள்ளதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் சிநேகிதனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், உங்கள் வாயிலும்தான் அந்த ஒரு வார்த்தை இருந்தது என்று எப்படிச் சொல்வது?

"நைனா இல்ல மாமா. எனக்குத்தான் பயம். நான்தான் போவ மாட்டேன்னு அழுதேன்" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீயா?" என்றார். பிறகு, "நீ போயிருந்தா எங்க நூரும் போயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஊரில் அந்தக் காலி இடம் இப்போது கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம், சிமெண்ட் போட்டுவிட்டார்கள். மல்லாட்டைத் தோலும் சும்மா கிடைப்பதில்லை, மில்லிலிருந்து நேரே லாரியில் ஏறிவிடுகிறது. இந்தக் காலத்துப் பெண்கள் ரப்பர் மேட்டில் ஷூ போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். நல்லதுதான், முட்டி தேயாது.

மாமா இந்நேரம் நூரிடம் சொல்லியிருப்பார். ஆவணியும் முடிந்துவிட்டது, அவளிடமிருந்து போன் வரவில்லை. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. திட்டவேண்டுமென்றால் அவளே கூப்பிடட்டும் என்று நானும் சும்மா இருக்கிறேன்.