பங்குனிக் கடையில் வாங்கின கல்சட்டி

பங்குனி உற்சவம் வந்தால் மயிலாப்பூர் மாடவீதி முழுக்கக் கடைதான். முறம், சல்லடை, அகப்பை, கல்சட்டி எல்லாம் சாக்கு விரித்துப் பரப்பியிருக்கும். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் நான் சாமி பார்க்கப் போகவில்லை. கல்சட்டி வாங்கப் போனேன். முந்தின வருஷத்துச் சட்டி, கொதிக்கிற வத்தக்குழம்போடு நான் இறக்கும்போது இரண்டாகப் பிளந்துவிட்டது. "உன் கை சரியில்லை" என்றாள் மாமியார். அதோடு விட்டாளா? அடுப்புப் பக்கமே வராதே என்றாள். இந்தத் தடவை நீயே பார்த்து வாங்கு, இதுவும் உடைஞ்சா உங்காத்துக்கே போயிடு என்றும் சொல்லிவிட்டாள்.

எனக்குக் கடைக்காரி மேல்தான் சந்தேகம். தட்டிக் காட்டுவது ஒன்று, வைக்கோல் சுற்றிக் கொடுப்பது வேறொன்றாக இருக்கும். ஒவ்வொரு சட்டியாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, சட்டி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டுமே! வைக்கோல் சுற்ற விடாமல் நானே இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன்.

புதுக் கல்சட்டியை உடனே அடுப்பில் ஏற்றக் கூடாது. மஞ்சளும் எண்ணெயும் தடவி ஊறவைத்து, தினமும் வடித்த கஞ்சியைச் சுடச்சுட ஊற்றிச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். காலையில் நான் ஊற்றுவேன். ஒருநாள் மத்தியானம் தொட்டுப் பார்த்தால் சட்டி சுடுகிறது! என்னை விரட்டத்தான் மாமியார் ஏதோ செய்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் தூங்குகிற மாதிரி படுத்திருந்து, பாத்திரச் சத்தம் கேட்டதும் சமையலறைக்குள் நுழைந்தேன்.

மாமியார் கஞ்சியைச் சுடவைத்துச் சட்டிக்குள் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றேள்?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு வேளை பழக்கினா நன்னா கெட்டிப்படும்டி. போன சட்டியை நான் பழக்கவே இல்லை. அவசரத்துல அப்படியே அடுப்புல ஏத்திட்டேன். பழக்கியாச்சுன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வருஷம் ராசியில்லாதவள் மாதிரி ஒதுங்கிக் கிடந்தேனே! "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

அந்த ஆத்தில் என்னிடம் சிரித்துப் பேசுகிறவர், நான் அப்பா என்று கூப்பிடும் மாமனார் ஒருவர்தான். சட்டிப் பேச்சு வரும்போதெல்லாம், "போனாப் போறது, விடும்மா" என்று தேற்றுவார். அவருக்கு உண்மை தெரிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

மறுநாள் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் தயங்கித் தயங்கி, "ஏன்னா, போன வருஷம் அந்தச் சட்டி..." என்று ஆரம்பித்தாள்.

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நீ பழக்காம ஏத்தினியே, அதானே? அன்னிக்கே பார்த்தேனே" என்றவர், என் பக்கம் திரும்பி, "மோர் விடும்மா" என்றார்.

மோர்ப் பாத்திரம் என் கையில்தான் இருந்தது. அவர் இலையில் விடாமலே உள்ளே போய்விட்டேன்.