வில்லை இல்லாத ஆணி

விளக்கைப் போடுவதற்கு முன்பே மென்பெரே அக்கா பலகையைத் தடவத் தொடங்கிவிடுவார். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் கும்மிருட்டு. விரல்களே எண்ணிக்கொண்டு போகும். கடைசி ஆணிவரை வந்த பிறகுதான் விளக்கு எரியும், அதன் பிறகுதான் எங்களுக்குக் காலை வணக்கம். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் போச்சு. திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி முதல் ஆணியிலிருந்து ஆரம்பிப்பார்.

அடிஸ் அபாபா விமான நிலையத்தின் பின்பக்கம், விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகையின் மூலையில் இருக்கிறது அவருடைய கருவி அறை. சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஓர் ஆணி, அதன் பின்னால் அந்த ஸ்பேனரின் உருவம் சிவப்புச் சாயத்தில். மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் உண்டு. கருவியை எடுத்தால் அந்த ஆணியில் வில்லையைத் தொங்கவிட வேண்டும். திருப்பித் தந்தால் வில்லை கைக்கு வரும். ஒரு சிறு ஸ்க்ரூடிரைவர் கணக்கில் வராவிட்டாலும் விமானம் நகராது. அக்காவின் சட்டம் இன்னும் சுருக்கம்: "பொருள் வந்தாத்தான் ஊர் போகலாம்."

நான் அடுத்த அறையில் பன்னிரண்டு வருடமாக வேலை அட்டவணை போடுகிறவன். அக்காவின் குரல் கேட்காமல் எனக்குக் காப்பி இறங்காது. அவருடைய மேஜைக்கு மேலே ஒரு கரும்பலகை உண்டு. கருவி தொலையாத நாட்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவார். நான் சொல்லும் இந்தக் கதை தொடங்கிய திங்கட்கிழமை அதில் 9412 என்று இருந்தது. அதில் முதல் நாள் எழுதியபோது அவர் மகள் ஹிருத் பிறந்திருக்கவே இல்லை.

இந்தப் பழக்கம் வேலையோடு நின்றுவிட்டது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கெர்ஜி பகுதியில் இருக்கும் அவர் வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். கரண்டிக்குப் பின்னால் சிவப்புக் கரண்டி, இஞ்சரா அப்பம் வைக்கும் தட்டுக்குப் பின்னால் சிவப்பு வட்டம். விருந்தாளிகள் மூன்று சுற்றுக் காப்பி குடித்து எழுந்தால், கோப்பைகள் ஆறும் தட்டில் அதனதன் வட்டத்தில் உட்காரும்வரை செருப்பு மாட்ட முடியாது. மினிபஸ் ஓட்டும் அவர் கணவர் மெக்கோன்னென் என்னிடம் ஒருமுறை ரகசியம் போலச் சொன்னார்: "கட்டில்ல என் பக்கத்துலயும் கோடு போட்டிருக்காளான்னு நான் ராத்திரி தடவிப் பாத்துக்குவேன் தம்பி."

ஹிருத்தின் கல்யாணத்தில் நடந்ததை நானே பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ரொட்டி வெட்டிய கத்தியைக் காணோம். அக்கா பட்டுக்கரை வெள்ளை உடையோடு பேருந்தின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றுவிட்டார். "இது கல்யாணமா, சுங்கச் சாவடியா?" என்று சம்பந்தி கத்தினார். ரொட்டி மூடிய துணிக்கு அடியில் கத்தி கிடைத்த பிறகுதான் பெண்ணுக்கே முத்தம் கொடுத்து அனுப்பினார்.

ஃபிகாது விஷயத்துக்கு வருகிறேன். நல்ல மெக்கானிக், நல்ல சாப்பாட்டுக்காரன். எங்கள் நிறுவனம் கேட்ட புது விமானம் தொழிற்சாலையில் இதோ அதோ என்று இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வாங்கிவரக் கடல் கடந்து போகும் ஆறு பேரில் ஃபிகாதுவும் ஒருவன். குளிருக்கென்று அப்போதே தடித்த கோட்டு ஒன்று வாங்கிவிட்டான். விமானம் வரவில்லை, தொப்பை வந்துவிட்டது. ஒருவழியாக விமானம் தயார், வியாழக்கிழமை பயணம் என்று தகவல் வந்தது. கொட்டகை முழுக்க அவனுடைய கோட்டைப் பற்றித்தான் பேச்சு.

அந்தத் திங்கட்கிழமை காலை, புது விமானம் வராத குறைக்கு ஓயாமல் உழைக்கும் எங்கள் பதினெட்டு வயதுக் கிழவி விமானத்துக்கு இன்ஜின் வேலை முடிந்தது. பதினோரு மணிக்கு அது பயணிகளோடு லுசாகா நகருக்குப் போக வேண்டும். அக்கா கடைசியாகப் பலகையைத் தடவினார். ஓர் ஆணியில் விரல் நின்றுவிட்டது. குச்சிக் கண்ணாடியைக் காணோம். இன்ஜினின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க, நீளக் குச்சியின் நுனியில் காசளவு கண்ணாடி வைத்தது. ஆணியில் கருவியும் இல்லை, வில்லையும் இல்லை.

அதைக் கடைசியாக எடுத்தவன் ஃபிகாது.

"குடுத்துட்டேன் அக்கா! எட்டு மணிக்கே அஞ்சு சாமானும் ஒண்ணாக் குடுத்தேன்."

"அஞ்சு வில்லையையும் அள்ளிக்கிட்டே. நாலு சாமான் வச்சியோ அஞ்சு வச்சியோ, யாருக்குத் தெரியும்? போ, தேடு."

இன்ஜின் மூடியை மறுபடி திறந்தார்கள். பத்துப் பேர் தரையில் தவழ்ந்தார்கள். மணி பதினொன்று தாண்டியது. நிலைய மேலாளர் கெதாச்சு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஒரு மொகம் பாக்குற கண்ணாடிக்காக இருநூறு பேர் அங்க உக்காந்திருக்காங்க, தெரியுமா?"

"உக்காந்திருக்காங்கல்ல? நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றார் அக்கா. "அது இன்ஜினுக்குள்ள இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா சார்? எனக்கும் தெரியாது. அதான் நிக்குது."

பன்னிரண்டு மணி. இனி விதிப்படி, கருவி தொலைந்ததாகக் கடைசியாக எடுத்தவன் பெயரில் அறிக்கை எழுத வேண்டும். அப்படி ஓர் அறிக்கை இருந்தால் ஒரு வருடத்துக்கு வெளிநாட்டுப் பயணம் கிடையாது. ஃபிகாது வில்லைகளைக் கையில் உருட்டிக்கொண்டே தலை குனிந்து நின்றான். இரண்டு வருடக் கோட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

படிவம் எடுக்க அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் எதிரில் இருந்தேன். இழுப்பறை தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விஷயம் பிறகுதான் தெரிந்தது. முந்தைய நாள்தான் பண்டிகைக்காகத் தலை முழுக்கப் புதுச் சடை பின்னியிருந்தார். பின்தலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. எட்டரை மணிக்கு யாரும் இல்லாத நேரத்தில் கைப்பைக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, குச்சிக் கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் நீட்டிப் பார்த்திருக்கிறார். தொலைபேசி மணி அடித்திருக்கிறது. சீப்போடு சேர்த்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

சத்தமில்லாமல் மூடியிருக்கலாம். பிறகு அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, "இதோ இங்க கிடக்குதே" என்று எடுத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா கண்ணாடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகையின் நடுவுக்கு நடந்தார்.

"தேடாதீங்கப்பா! எந்திரிங்க! எடுத்தவ நான்தான். சடை பாக்க எடுத்தேன். இருநூறு பேர நிறுத்தி வச்சவ நான்தான்."

விமானத்தின் வயிற்றுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவன் கேட்டான்: "சடை நல்லா வந்திருக்கா அக்கா?"

கொட்டகை அதிரச் சிரித்தோம். கெதாச்சு கோபப்பட முயன்று தோற்றுப்போனார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஃபிகாதுவின் முன்னால் போய் நின்றார். "உன்னை சந்தேகப்பட்டுட்டேன்டா. மனசு சுடுது" என்றார். பிறகு அறைக்கு வந்து தன் பெயரிலேயே அறிக்கை எழுதினார். நாற்காலியில் ஏறி, உள்ளங்கையால் 9412ஐ அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

கருவி அறைக்காரருக்கு வில்லை கிடையாது. அவர் எதையும் எடுப்பதில்லை என்று நிறுவனத்தின் நம்பிக்கை. மறுநாள் அக்கா பட்டறைக்குப் போய்த் தனக்கென்று ஒரு வில்லை வெட்டி வாங்கி, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஃபிகாது விடைபெற வந்தான். கரும்பலகையில் 3 என்று இருந்தது. கோட்டின் முன்பொத்தான்கள் அவன் தொப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"முதுகுப்பக்கம் தையல் விட்டிருக்கா அக்கா?"

"நான் சொன்னா நம்புவியா? நீயே பாரு."

கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார். குச்சிக் கண்ணாடியை எடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் பிடித்தார். அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்திப்படும்வரை பொறுமையாகப் பிடித்திருந்தார். பிறகு கண்ணாடியைச் சிவப்பு உருவத்தின் மேல் மாட்டி, தன் வில்லையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதல் ஆணியிலிருந்து தடவத் தொடங்கினார்.